அசெம்பிள் செய்வதா, லேப்டாப் வாங்குவதா?

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்த மறுவாரமே திருவள்ளூர் மாவட்டத்து எளாவூர்ப் பக்கத்து வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். பிள்ளைக்குப் பொன்னேரி அரசுக் கல்லூரியிலோ கவரைப்பேட்டைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரியிலோ இடம் கிடைத்திருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, "கம்ப்யூட்டர் வேணுமாமே, எவ்வளவு ஆகும்?" என்று கேட்பார். விவரம் தெரிந்த ஓர் உறவுக்காரப் பையன், "லேப்டாப் வேஸ்ட் மாமா, அதே காசுக்கு ரிச்சி தெருவுல டபுள் கான்ஃபிகரேஷன்ல அசெம்பிள் பண்ணிக்கலாம்" என்பான். "ரிப்பேர் வந்தா யாருப்பா பாக்கறது? கம்பெனி ஐட்டமா வாங்கு" என்று சித்தப்பா குறுக்கே பேசுவார். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதி இருபது வருடத்துக்கு முந்தைய உண்மை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எளாவூரிலிருந்து நாள்தோறும் கல்லூரிக்குப் போய்வரும் மாணவர்களில் பெரும்பாலோருக்கு, முதல் கணினியாக அசெம்பிள் செய்த சிஸ்டம் சரிப்படாது. ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் சரியல்ல. அசெம்பிள் சிஸ்டம் அடிக்கடி பழுதாகும் என்பது கட்டுக்கதை. அதுதான் மலிவு என்பதும் அப்படித்தான்.

மலிவு என்ற பேர் அதற்கு எப்படி வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, அவசரத்தில் வெளிச்சந்தையில் கிடைத்த பாகங்களை வைத்தே அதைக் கட்டியது. பிராசசர் இன்டெல்லிடமிருந்து வந்தது, இயங்குதளம் மைக்ரோசாஃப்டிடமிருந்து வந்தது. ஐபிஎம்முக்கென்று தனியாக இருந்தது பயாஸ் என்ற சின்ன மென்பொருள்தான். காம்பாக் நிறுவனம் அதற்கு ஈடாக ஒன்றைத் தானே எழுதி, 1982 இறுதியில் ஐபிஎம்முக்கு இணையான கணினியை அறிவித்தது. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் பாகம் வாங்கிக் கணினி கட்டலாம் என்றாகிவிட்டது. டெக்சாஸ் பல்கலைக்கழக விடுதி அறையில் மைக்கேல் டெல் என்ற மாணவர் 1984-இல் கணினி கட்டி விற்கத் தொடங்கியது இந்த வசதியால்தான். 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அளவுமுறை, போர்டில் திருகு மாட்டும் ஓட்டைகள் எங்கே இருக்க வேண்டும் என்பதுவரை வரையறுத்துவிட்டது. இன்று வாங்கும் போர்டை முப்பது வருடப் பழைய கேபினெட்டில் மாட்டினாலும் அந்த ஓட்டைகள் பொருந்தும்.

இந்தியாவில் அசெம்பிள் மலிவாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு அறிவித்த கணினிக் கொள்கை, பாகங்களை இறக்குமதி செய்து இங்கே பூட்டி விற்பதை எளிதாக்கியது. முழுக் கணினிக்கு வரி கடுமையாக இருந்தது. பாகமாக வந்தால் சுமை குறைவு. தொண்ணூறுகளில் சென்னை ரிச்சி தெரு, டெல்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் சாலை, பெங்களூர் எஸ்.பி. ரோடு எல்லாம் செழித்தது இந்த வித்தியாசத்தில்தான். பெரிய கம்பெனி ஒன்றின் கணினி விலையில் ரிச்சி தெருவில் ஒன்றரைக் கணினி பூட்டிவிடலாம் என்ற காலம் அது. உறவுக்காரப் பையன் சொன்ன 'டபுள் கான்ஃபிகரேஷன்' அந்தக் காலத்தின் எச்சம்.

அந்த வித்தியாசம் இன்று இல்லை. உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா 1997-இல் சேர்ந்தது. 2005-க்குள் கணினிக்கும் அதன் பெரும்பாலான பாகங்களுக்கும் சுங்கவரி பூஜ்யமானது. டெல் 2007-இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் தொழிற்சாலையே தொடங்கிவிட்டது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் முழு லேப்டாப்புக்கும் 18 விழுக்காடு, ரேமுக்கும் போர்டுக்கும் 18 விழுக்காடு. லட்சக்கணக்கில் பாகம் வாங்கும் கம்பெனிக்குக் கிடைக்கும் விலை, ஒரே ஒரு போர்டு கேட்டு வரும் எளாவூர் மாணவருக்குக் கிடைக்காது. 2023 ஆகஸ்டில் மத்திய அரசு லேப்டாப் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று திடீரென அறிவித்தபோது, தனித்தனிப் பாகங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு வரவில்லை. அசெம்பிளுக்குப் பழைய பொற்காலம் திரும்பப்போகிறது என்று சிலர் குதித்தார்கள். அந்த உத்தரவு சில மாதத்தில் வெறும் இணையப் பதிவு முறையாகக் கரைந்துபோனது.

இனி கணக்கு. 2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதி விலையைத் தோராயமாக வைத்துக்கொள்வோம். கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் ரைசன் 5 பிராசசர் 10,500, போர்டு 6,500, 16 ஜிபி ரேம் 3,500, 512 ஜிபி எஸ்எஸ்டி 3,000, கேபினெட் 2,500, நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ் 2,500. கூட்டினால் 28,500. கடையில் கொட்டேஷன் தாளில் எழுதித் தரும் தொகை இதுதான். வீட்டுக்கு வந்து இந்தத் தொகையைச் சொன்னதும் எல்லோருக்கும் வாய் பிளக்கும். ஆனால் அதில் மானிட்டர் இல்லை. 22 அங்குல மானிட்டருக்கு 7,000, கீபோர்டு மவுசுக்கு 1,000, யுபிஎஸ்ஸுக்கு 3,500, வைஃபை வசதிக்கும் வெப்கேமராவுக்கும் சேர்த்து 2,000. இப்போது 42,000. விண்டோஸைக் காசு கொடுத்து வாங்கினால் மேலே 10,000-க்குக் குறையாது. ஆக 52,000. அதே ரைசன் 5, அதே 16 ஜிபி, அதே 512 ஜிபி கொண்ட லேப்டாப், விண்டோஸோடு, திரையோடு, பேட்டரியோடு அந்த ஆண்டு 45,000 முதல் 52,000-க்குள் கிடைத்தது.

"விண்டோஸுக்கு யார் சார் காசு குடுக்கறாங்க?" என்று கடைக்காரர் சிரிப்பார். திருட்டு விண்டோஸைப் பென் டிரைவில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் போட்டுத் தருவார். அசெம்பிள் மலிவு என்ற நம்பிக்கை பல வீடுகளில் இந்தப் பத்தாயிரத்தின் மேல்தான் நிற்கிறது. சட்டப்படி போக வேண்டும், காசும் கொடுக்க முடியாது என்றால் லினக்ஸ் இருக்கிறது. உபுண்டு இலவசம். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இலவசம். கணினி அறிவியல் படிப்பவருக்கு லினக்ஸ் பழகுவது லாபமே தவிர நட்டமில்லை. பி.காம். மாணவருக்கு அப்படிச் சொல்ல முடியாது, டேலி விண்டோஸில்தான் ஓடும்.

இந்தக் கணக்கையும் 2025 கடைசியில் ரேம் விலை கலைத்துப் போட்டுவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை மொத்தமாக அள்ளிக்கொண்டன. சில்லறைச் சந்தையில் ரேம் விலை மாதக்கணக்கில் மடங்காக ஏறியது. கிருஷியல் என்ற பெயரில் ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்தச் சில்லறை வணிகத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இதில் முதலில் அடிபடுவது தனியாக ரேம் வாங்குகிறவர்தான். லேப்டாப் கம்பெனிகள் முன்பே ஒப்பந்த விலையில் வாங்கி வைத்திருக்கும், விலையேற்றம் அவர்களிடம் சற்றுத் தாமதமாகத்தான் வந்து சேரும். ஆகவே மேலே சொன்ன எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கொட்டேஷனில் விடுபட்டிருக்கும் செலவுகள் எவை என்று பார்க்க மட்டும் அவற்றைப் பயன்படுத்துங்கள்.

விலையை ஓரம் வைத்துவிட்டு ஊரைப் பார்ப்போம். எளாவூர் சென்னை சென்ட்ரலிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். புறநகர் ரயில்களில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும், சூளூர்பேட்டைப் பக்கம் போகும் சில வண்டிகளே எளாவூரில் நிற்கும். பொன்னேரியிலோ சென்னையிலோ படிக்கும் மாணவர் வண்டிக்குக் காத்திருப்பதிலும் பயணத்திலும் நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் கழிப்பது சாதாரணம். கல்லூரியில் இரண்டு வகுப்புகளுக்கு நடுவே ஓய்வு மணி வரும். ப்ராஜெக்ட் என்றால் நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். வைவாவுக்குப் போகும்போது செய்ததை ஓட்டிக் காட்ட வேண்டும். வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் சிஸ்டம் இதில் எதற்கும் வராது. விலையைவிட இதுதான் பெரிய காரணம் என்பேன். விடுதியில் தங்குபவருக்கும் இதே கதை. செமஸ்டருக்கு ஒருமுறை சிபியுவையும் மானிட்டரையும் போர்வையில் சுற்றிப் பேருந்தில் ஏற்றிய அண்ணன்மார் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள், அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் இதே ஊர்தான் லேப்டாப்புக்கும் எதிரி. கிழக்கே சுண்ணாம்புகுளம் தாண்டினால் பழவேற்காடு ஏரி, உப்புக்காற்று. தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகள். ஊரை ஒட்டியே தேசிய நெடுஞ்சாலை 16, ஆந்திர எல்லைச் சோதனைச் சாவடிக்கு வரிசையாக வரும் லாரிகள். இந்தப் பகுதியில் மேசைமேல் காலையில் துடைத்த இடத்தில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். அந்தத் தூசி லேப்டாப்பின் மெல்லிய விசிறிக்குள் போய், வெப்பம் வெளியேறும் தகடுகளுக்கு நடுவே கம்பளிபோல் படிந்துவிடும். பிறகு சூடு ஏறும். சூடு ஏறினால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "வாங்கினப்ப நல்லா ஓடுச்சு, இப்ப ஸ்லோ ஆயிடுச்சு" என்று புலம்பும் லேப்டாப்புகளில் பலவற்றுக்கு வியாதி இதுதான். டெஸ்க்டாப் என்றால் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, ஒரு பிரஷ்ஷும் ஊதுகுழலும் வைத்து வாசலில் உட்கார்ந்து நீங்களே சுத்தம் செய்யலாம். லேப்டாப்பின் அடித்தகட்டைக் கழற்றப் பலருக்குப் பயம், ஆண்டுக்கு ஒருமுறை சர்வீசுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

உப்புக்காற்று வேறு மாதிரி வேலை செய்யும். மழைக்காலம் முடிந்து ஒருநாள் சிஸ்டத்தை ஆன் செய்தால் விசிறி சுற்றும், திரை வராது, 'பீப் பீப்' என்று ஓசை மட்டும் வரும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் முந்நூறு ரூபாய். கடைக்காரர் செய்வது என்னவென்றால், ரேமைக் கழற்றி, அதன் அடியில் இருக்கும் பொன்னிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, மறுபடி 'க்ளிக்' என்று மாட்டுவார், அவ்வளவுதான். தொடுமுனையில் படிந்த மெல்லிய படலம் போய்விடும். இதை நாமே செய்யலாம். பல புதிய லேப்டாப்புகளில் ரேமைப் போர்டோடு சேர்த்தே பற்றவைத்து விடுகிறார்கள், அங்கே ரப்பருக்கு வேலையும் இல்லை, பிற்பாடு ரேம் கூட்ட வழியும் இல்லை. லேப்டாப் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகளில் முதலாவது இது: காலி ரேம் ஸ்லாட் இருக்கிறதா?

மின்சாரத்துக்கு வருவோம். அசெம்பிள் சிஸ்டம் வைத்திருக்கும் பல வீடுகளில் கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இழுக்கும். "சிஸ்டம் ஷாக் அடிக்குது" என்று எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுவார்கள், மாற்றிய பிறகும் அடிக்கும். பெரும்பாலும் பழுது சிஸ்டத்தில் இருக்காது, வீட்டில் இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறிய கெபாசிட்டர்கள் இருக்கும், ஒன்று ஃபேஸுக்கும் கேபினெட்டுக்கும் நடுவே, மற்றொன்று நியூட்ரலுக்கும் கேபினெட்டுக்கும் நடுவே. எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினெட் 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதியில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. ஆனால் பென் டிரைவ் செருகும்போதும் மானிட்டர் கேபிளைப் பிடுங்கும்போதும் போர்டுக்கு அது நல்லதல்ல. எர்த் இல்லாத வீட்டில் வேறு கோளாறு வந்தால் மனிதருக்கே ஆபத்து. மூன்று ஓட்டை பிளக் இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பல பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டைக்குள் வயரே இருக்காது. அசெம்பிள் முடிவோடு இருப்பவர் கொட்டேஷன் வாங்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

யுபிஎஸ் விஷயத்திலும் ஒரு பொய் நம்பிக்கை உண்டு. கடையில் விற்கும் 600 விஏ யுபிஎஸ் பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும், ஃபைலைச் சேமித்துவிட்டு நிறுத்தத்தான் அது, தொடர்ந்து வேலை செய்ய அல்ல. அதிலுள்ள பேட்டரி இரண்டு மூன்று ஆண்டில் படுத்துவிடும். லேப்டாப்பில் பேட்டரியே யுபிஎஸ். மின்கட்டணத்தில் வித்தியாசம் பெரிதில்லை. கிராபிக்ஸ் கார்டு இல்லாத டெஸ்க்டாப் மானிட்டரோடு 100 வாட் எடுக்கிறது, தினம் ஐந்து மணி நேரம் ஓடுகிறது என்று வைத்தால், இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். லேப்டாப்புக்கு 9 யூனிட். 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது நினைவிருக்கட்டும். மின்விசிறியும் டிவியும் மட்டும் ஓடும் வீட்டில் டெஸ்க்டாப்பும் அந்த நூறுக்குள் அடங்கலாம்.

சரி, எதற்காகக் கணினி? வீட்டில் யாரும் கேட்காத கேள்வி இது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டப்படி பொறியியல் முதலாண்டில் எல்லாப் பிரிவினருக்கும் பைத்தான் இருந்தது. அதற்கு எந்தக் கணினியும் போதும், பத்து வருடப் பழசும் போதும். பி.காம்., பி.பி.ஏ., கலைப் பிரிவினருக்கு 8 ஜிபி ரேம் தாராளம். மெக்கானிக்கலும் சிவிலும் படிப்பவருக்கு ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், ரெவிட் என்று வரும், அவை விண்டோஸ் கேட்கும், 16 ஜிபி கேட்கும். ஆனால் அந்தத் தேவை பெரும்பாலும் இரண்டாம் ஆண்டுக்கு மேல்தான். ஆட்டோகேடும் ரெவிட்டும் மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் இலவச உரிமத்தில் கிடைக்கின்றன, திருட்டுப் பிரதி தேடி வைரஸ் வாங்க வேண்டாம். விஸ்காம், அனிமேஷன், கட்டடக்கலை மாணவர்கள்தான் உண்மையிலேயே அசெம்பிள் பக்கம் போக வேண்டியவர்கள். வீடியோ ரெண்டரிங் மணிக்கணக்கில் ஓடும்போது, நல்ல காற்றோட்டமுள்ள டவரும் தனி கிராபிக்ஸ் கார்டும் தரும் வேகத்தை அதே விலை லேப்டாப் தராது. சூடு தாங்காது. இந்த இடத்தில் உறவுக்காரப் பையன் சொன்னது அப்படியே சரி.

செயற்கை நுண்ணறிவு படிக்கிறேன், என்விடியா கார்டு வேண்டும் என்று கேட்டுப் பெற்றோரை லட்சத்துக்கு மேல் செலவழிக்க வைக்கும் மாணவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கூகுள் கோலாபில் கிராபிக்ஸ் கார்டு வசதி இலவசமாகவே கிடைக்கிறது. காகிள் தளம் வாரத்துக்கு 30 மணி நேரம் வரை தருகிறது. இளங்கலைப் படிப்புக்கு இது போதாமல் போவது அபூர்வம். அந்த கார்டில் மாலை நேரத்தில் என்ன ஓடப்போகிறது என்று பெற்றோருக்குத் தெரியாவிட்டாலும் தம்பிக்குத் தெரியும்.

அடுத்து அரசின் லேப்டாப். இந்த மாவட்டத்துக்கு அதில் தனி உரிமையே உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று அப்போதைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தது திருவள்ளூரை அடுத்த காக்களூரில்தான். எல்காட் மூலம் மொத்தமாகக் கொள்முதல் செய்து, அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் டூ படித்தவர்களுக்குக் கொடுத்தார்கள். கிராமத்துப் பிள்ளைகளில் ஒரு தலைமுறையே கீபோர்டைத் தொட்டது அதில்தான். கொரோனாவுக்குப் பிறகு அது நின்றுபோனது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் அது வேறு வடிவில் திரும்பியது: இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி, முதல் கட்டத்துக்கு 2,000 கோடி ரூபாய். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி கொண்ட லேப்டாப்புகளை 2026 ஜனவரியில் வழங்கத் தொடங்கினார்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்து கல்லூரிக்கு மாறியது சரியான மாற்றம். ஆனால் யாருக்கு, எந்த ஆண்டில், எந்தக் கல்லூரியில் என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சொந்தப் பணத்தைத் தொட வேண்டும். கிடைக்கும் என்று உறுதியானால் இரண்டாவது லேப்டாப் வாங்குவது வீண். அந்த லேப்டாப்போடு ஒரு 22 அங்குல மானிட்டரும் தனி கீபோர்டும் வாங்கிச் செருகினால், வீட்டில் அதுவே டெஸ்க்டாப், காலையில் கழற்றினால் ரயிலில் வரும் லேப்டாப். எட்டாயிரம் ரூபாயில் கழுத்து வலியும் மிச்சம். அரசு லேப்டாப்பில் ரேம் ஸ்லாட் காலியாக இருந்தால், தேவை வரும்போது இன்னொரு 8 ஜிபி.

பணத்துக்கு இன்னொரு வழி பலர் கண்ணில் படுவதில்லை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் விழுகிறது. மூன்றாண்டுப் படிப்புக்கு 36,000, நான்காண்டுக்கு 48,000. பஸ் காசும் புத்தகமும் போக அத்தனையும் மிஞ்சாது என்பது தெரிந்ததே. ஆனாலும் பாதி மிஞ்சினால்கூட ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பின் விலை அது. முதல் மாதமே ஃபைனான்ஸ் கம்பெனி 'ஜீரோ வட்டி' தவணையில் தலையைக் கொடுப்பதைவிட, ஓராண்டு கல்லூரி லேபை வைத்து ஓட்டிவிட்டு இந்தப் பணத்தில் வாங்குவது மேல்.

செகண்ட் ஹேண்ட் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஐடி கம்பெனிகள் மூன்று நான்கு ஆண்டு லீசுக்கு எடுத்துத் திருப்பிக் கொடுக்கும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகை லேப்டாப்புகள் ரிச்சி தெருவிலும் சுற்றுப்புறத்திலும் மொத்தமாக வந்து இறங்குகின்றன. அவை அலுவலக உபயோகத்துக்கென்று உறுதியாகச் செய்தவை. அவற்றில் பல மாடல்களில் அடித்தகட்டைச் சாதாரண ஸ்க்ரூடிரைவரால் கழற்றலாம், ரேமை மாற்றலாம், கீபோர்டைத் தனியாக மாற்றலாம். புதிய மலிவு லேப்டாப்பைவிட இதையே நான் சிபாரிசு செய்வேன். ஒரு நிபந்தனை உண்டு. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற, இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்களைக் கடைக்காரர்கள் இப்போது ஆசை காட்டும் விலையில் தள்ளிவிடுவார்கள். லினக்ஸ் போடுவதாக இருந்தால் மட்டும் அவற்றை எடுக்கலாம். வாங்கும்போது பேட்டரி எத்தனை நிமிடம் நிற்கிறது என்று கடையிலேயே உட்கார்ந்து பாருங்கள், கடைக்காரர் அவசரப்படுத்தினால் எழுந்து அடுத்த கடைக்குப் போங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும் அசெம்பிள் செய்வதில் ஒரு மதிப்பு இருக்கிறது, அதைக் காசில் சொல்ல முடியாது. செய்வதும் கடினமில்லை, ஒரு பிற்பகல் வேலை. பிராசசரின் மூலையிலிருக்கும் சின்ன முக்கோணத்தைப் போர்டின் முக்கோணத்தோடு பொருத்தி, அழுத்தாமல் வைத்தால் தானே உட்காரும். பட்டாணி அளவு தெர்மல் பேஸ்ட். கேபினெட்டில் பித்தளைத் தாங்கிகளை முதலில் திருகாமல் போர்டை நேரே வைத்தால் பின்பக்கம் ஷார்ட் ஆகும். கடைசியில் பவர் பட்டனுக்கான மெல்லிய வயர்களை எந்த ஊசியில் செருகுவது என்று புத்தகம் பார்த்துக் கண்ணைக் கசக்க வேண்டும். கல்லூரியில் 'கம்ப்யூட்டர் ஆர்கிடெக்சர்' என்று ஒரு செமஸ்டர் முழுக்கப் படிப்பதில் பாதி அந்தப் பிற்பகலில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆனால் இதனால் வேலை கிடைக்கும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். கிடைக்கும் லாபம் வேறு: ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் முந்தைய இரவு மெஷின் நின்றுபோனால், எது போயிற்று என்று கண்டுபிடிக்கும் தைரியம்.

வாரன்டியிலும் அசெம்பிளுக்குச் சாதகம் உண்டு. லேப்டாப்புக்கு வழக்கமாக ஓராண்டுதான். அதற்குப் பிறகு போர்டு போனால் பாதி விலை கேட்பார்கள். பெட்டியோடு வாங்கும் பிராசசருக்கு மூன்றாண்டு, போர்டுக்குப் பெரும்பாலும் மூன்றாண்டு, நல்ல எஸ்எஸ்டிக்கு மூன்று முதல் ஐந்தாண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் சர்வீஸ் சென்டர் வேறு, எல்லாமே சென்னையில். எளாவூரிலிருந்து ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோவில் ஒரே நிறுத்தம் தள்ளி அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்தால் ரிச்சி தெரு. ஒருநாள் கூலி போகும். இத்தனைக்கும் கையில் ஜிஎஸ்டி பில் இருந்தால்தான் வாரன்டி. "பில் வேணாம்னா கம்மி பண்ணித் தரேன்" என்ற பேச்சுக்கு மயங்கியவர்கள் மூன்றாண்டு வாரன்டியை 18 விழுக்காட்டுக்கு விற்றவர்கள்.

ஆகவே எளாவூர் வீட்டுக்கு என் தீர்ப்பு இப்படி. தினமும் போய்வரும் கலை, வணிகவியல், கணினி மாணவர் அரசு லேப்டாப் வருமா என்று விசாரிக்கட்டும், வராதென்றால் எட்டாம் தலைமுறைக்கு மேலான செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கட்டும். மெக்கானிக்கல், சிவில் மாணவர் இரண்டாம் ஆண்டு வரை பொறுத்து, 16 ஜிபி லேப்டாப் ஒன்றைப் புதிதாக வாங்கலாம். விஸ்காம் மாணவரும், பின்னால் தம்பி தங்கைகள் இரண்டு பேர் படிக்கக் காத்திருக்கும் வீடும் அசெம்பிள் செய்யட்டும். பத்தாண்டு பாகம் பாகமாக மாற்றிக்கொண்டே ஓட்டலாம், மூன்று பேர் படித்து முடிப்பார்கள்.

இதில் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சேர்க்கைக் கடிதத்தோடு கட்டணப் பட்டியல் தருகிறீர்கள், சீருடை அளவு எழுதித் தருகிறீர்கள். எந்த செமஸ்டரில் எந்த மென்பொருள் வரும், அதற்குக் குறைந்தபட்சம் எவ்வளவு ரேம் வேண்டும், கல்லூரி லேப் மாலை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று தமிழில் ஒரு பக்கம் சேர்த்து அச்சடித்துக் கொடுங்கள். அந்த ஒரு தாள் இல்லாததால்தான் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பெற்றோர் கடைக்காரர் சொல்வதைக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.